பல் செட்டைக் கொடுத்தவர்கள் திரும்பியும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. இலவச முகாமில் பல் செட் பெற்றுக்கொண்ட முதியவர்கள் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்து, யாரோ சொன்னபடி பல் தெரியச் சிரிக்கிறார்கள். எத்தனை பேருக்குப் பல் வழங்கப்பட்டது, யார் தலைமை தாங்கினார், யார் நன்றியுரை சொன்னார் என்பதெல்லாம் செய்தியில் இருந்தது. பல் வாங்கியவர்கள் மறுபடி எப்போது, எங்கே வந்து காட்ட வேண்டும் என்பது மட்டும் இல்லை. முகாம் நடத்தியவர்களே அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். சொல்லியிருந்தால் உங்கள் நிருபர் எழுதியிருப்பார்.

நான் பாளையங்கோட்டைக்காரி. எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். தொலைபேசித் துறையில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்து, காதில் ஹெட்போனும் கையில் பிளக்குமாகப் பாதி வாழ்க்கையைக் கழித்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை நோயும் ஈறு நோயும் சேர்ந்து என் பற்களை ஒவ்வொன்றாக ஆட்டிவிட்டன. மிச்சம் இருந்தவற்றையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறும்வரை பொக்கை வாயோடு காத்திருந்து, மேலும் கீழும் முழுப் பல் செட் கட்டிக்கொண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. இன்று அதைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறேன், பேசுகிறேன், பேரனோடு சண்டை போடுகிறேன். ஆனால் முதல் மாதத்தில் அதைத் தூக்கித் தாமிரபரணியில் வீசிவிடலாமா என்று நினைத்திருக்கிறேன். வீசாமல் இருந்ததற்கு என் பொறுமை காரணம் அல்ல. நடந்து போகும் தூரத்தில் ஒரு பல் மருத்துவர் இருந்தார். சின்னப் பெண். எப்போது போய் நின்றாலும் முகம் சுளிக்காமல் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவ்வளவுதான். முகாமில் பல் வாங்கியவர்களுக்கு அந்த மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் என் கேள்வி.

பல் செட்டைக் கையில் கொடுக்கும் நாளில் வேலை முடிந்துவிட்டதாகக் கொடுப்பவரும் நினைக்கிறார், வாங்குபவரும் நினைக்கிறார். உண்மையில் பாதி வேலை அன்றுதான் தொடங்குகிறது. பல் இருந்த காலத்தில் மென்று தின்னும் பாரம் பல்லின் வேர் வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கியது. இப்போது அதே பாரத்தை ஈறின் மெல்லிய தோல் சுமக்க வேண்டும். அது அந்த வேலைக்காக ஏற்பட்ட தோல் அல்ல. எவ்வளவு நேர்த்தியாக அளவெடுத்தாலும் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் எங்காவது ஓரிடத்தில் கூடுதலாக அழுத்தும். அழுத்திய இடம் சிவக்கும். அப்படியே விட்டால் வெடித்துப் புண்ணாகும். இது செய்தவரின் குற்றமும் அல்ல, போட்டவரின் குற்றமும் அல்ல. முதல் சில வாரங்களில் பார்த்துப் பார்த்துத் தேய்த்துக் கொடுத்தால் தீர்ந்துபோகும் உபத்திரவம் இது.

மேல் செட்டும் கீழ் செட்டும் ஒரே குணம் கொண்டவை அல்ல என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு உட்காருகிறது. அடி ஈரமான டம்ளர் தட்டோடு சேர்ந்து எழும்புகிறதே, அந்த மாதிரி எச்சிலின் மெல்லிய படலமும் ஓரங்களின் இறுக்கமும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. கீழ் செட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நடுவில் நாக்கு இருப்பதால் அது வளைந்த பட்டையாகத்தான் இருக்க முடியும். உட்காரக் கிடைக்கும் இடம் குறைவு. ஒரு பக்கம் நாக்கு தள்ளும், மறுபக்கம் கன்னம் தள்ளும். பல் போனபின் தாடை எலும்பு தேய்ந்துகொண்டே வரும். முதல் ஆண்டில் அதிகமாகத் தேயும். அதிலும் கீழ்த்தாடை மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு உயரத்தை இழக்கிறது என்று நெடுங்கால ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே 'மேல் பல் நன்றாக இருக்கிறது, கீழ்ப் பல்தான் ஆடுகிறது, மருத்துவர் ஏமாற்றிவிட்டார்' என்று புலம்பும் பெரியவர்களிடம் நான் சொல்வது, எல்லோருக்கும் கீழ்ப் பல்தான் ஆடும் என்பதே. நாக்கைப் பின்னுக்கு இழுக்காமல், நுனி கீழ்ப் பல்லின் பின்புறத்தைத் தொட்டபடி இருக்கப் பழகினால் ஆட்டம் குறையும். இதை எனக்கு அந்தச் சின்னப் பெண் கற்றுக்கொடுத்தார்.

என் மதினியின் கதையைச் சொல்கிறேன். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்துக் கிராமம். அவர்கள் ஊருக்கு ஒரு முகாம் வந்தது. காலையில் வரிசையில் நிற்கவைத்து, வாயில் மாவை வைத்து அளவெடுத்தார்கள். சில வாரம் கழித்து ஒரு மண்டபத்தில் பல்லைக் கொடுத்தார்கள். இடையில் இருக்க வேண்டிய ஒரு படி நடக்கவே இல்லை. அக்ரிலிக்கில் வார்ப்பதற்கு முன், பற்களை மெழுகில் பதித்து வாயில் வைத்துப் பார்ப்பார்கள். வாயை மூடச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள், கையில் கண்ணாடியைக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் 'பல் முன்னால் தள்ளி இருக்கிறது', 'உதடு மூட மாட்டேன் என்கிறது', 'இந்தப் பக்கம்தான் முதலில் இடிக்கிறது' என்று நாம் சொன்னால் மெழுகை இளக்கி நகர்த்திவிடலாம். வார்த்து முடித்தபின் நகர்த்த முடியாது. நம் வயதுப் பெண்கள் அப்போது 'நீங்கள் பார்த்துச் செய்தால் சரி டாக்டர்' என்று சொல்லிவிட்டு வருவார்கள். மதினிக்கு அப்படிச் சொல்லும் வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை.

பல்லைப் போட்டதும் வலது பக்கம் மட்டும் முதலில் இடித்திருக்கிறது. 'பழகினால் சரியாகிவிடும் பாட்டி' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பழகப் பழகச் சரியாவது ஒன்று, தேய்த்தால்தான் சரியாவது வேறொன்று. எச்சில் அதிகமாக ஊறுவது, வாய் நிறைய ஏதோ இருப்பது போன்ற உணர்வு, லேசான குமட்டல், பேச்சுக் குழறல் எல்லாம் பழகப் பழகச் சரியாகும். ஒரு பக்கம் இடிப்பதும் ஓரிடம் குத்துவதும் எத்தனை மாதம் பழகினாலும் சரியாகாது. மதினி ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது அந்தப் பல்லையே கடித்துக்கொண்டு, பொறுத்துப் பார்த்தார்கள். நாக்குக்கு அடியில் புண் வந்தது. சீட்டில் இருந்த எண்ணுக்குப் பேரன் கூப்பிட்டுப் பார்த்தான். எடுக்க ஆள் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தொலைபேசியை எடுத்துப் பதில் சொன்னவள் என்ற முறையில் அந்த எண்ணை அச்சிட்டவர்கள் மீது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதாமல் விடுகிறேன். பல் செட் பவுடர் டப்பாவுக்குள் போனது. மதினி ஈறால் சாதத்தை மசித்து விழுங்கத் திரும்பிவிட்டார்கள். முகாம் கணக்கில் அவர்கள் பயனடைந்தவர்.

எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் வேறு வழியைக் கண்டுபிடித்தார். குத்துகிற ஓரத்தை உப்புத்தாள் வாங்கித் தானே தேய்த்தார். குத்தல் நின்றது, பல்தான் நிற்கவில்லை. மேல் செட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த ஓரம்தான். அன்றிலிருந்து தும்மினால் பல் கையில் வரும். பிறகு கடையில் பல் செட் பசை வாங்கி ஒட்டத் தொடங்கினார். நாளுக்கு நாள் பசையின் அளவு கூடியது. நல்ல பொருத்தமுள்ள செட்டுக்குச் சிறிது பசை துணை செய்யும். பசை கூடிக்கொண்டே போனால் பல் செட்டின் உட்புறத்தைப் புதிதாக வார்த்துத் தர வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். அதற்கு ரீலைன் என்று மருத்துவர்கள் பெயர் சொல்கிறார்கள். தாடை தேயத் தேயச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லோருக்குமே அது தேவைப்படும். உடைந்த செட்டை வீட்டுப் பசையால் ஒட்டி வாயில் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

குத்துகிறது என்று மருத்துவரிடம் போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வலி தாங்காமல் நாலு நாள் கழற்றி வைத்துவிட்டு, ஈறு ஆறியபின் போய் 'இங்கேதான் எங்கேயோ வலித்தது' என்று சொன்னால் அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. புண்ணாகியிருந்தால் கழற்றி வைத்து ஈறுக்கு ஓய்வு கொடுங்கள், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். ஆனால் போகிற நாளில் சில மணி நேரமாவது போட்டுக்கொண்டு போங்கள். சிவந்த தடம் இருந்தால்தான் இடம் தெரியும். எனக்கு உட்புறத்தில் வெள்ளையாக ஒரு பசையைத் தடவி வாயில் வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் பசை விலகி அக்ரிலிக்கின் ரோஜா நிறம் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் சின்ன இயந்திரத்தால் தேய்த்தார். தேய்த்து எடுத்தது நகத்தின் கனம்கூட இருக்காது. அதற்காகத்தான் அத்தனை நாள் அழுதேனா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வாயில் அரிசி மணி அளவு உறுத்தினாலும் பூசணிக்காய் அளவு தெரிகிறது.

இனி சாப்பாடு. 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று சொன்ன மனிதர் நிச்சயம் பல் செட் போட்டவர் அல்ல. முழுப் பல் செட்டின் கடிவிசை இயற்கைப் பல்லின் விசையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்கிறார்கள். அதுவும் முன்பல்லால் கடித்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். கொய்யாவையும் மாங்காயையும் கையில் பிடித்துக் கடிக்கும் சுகம் போய்விட்டது, கத்தியால் சன்னமாக நறுக்கித்தான் ஆக வேண்டும். சிறு துண்டுகளாக எடுத்து, வாயின் இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து மெல்ல வேண்டும். ஒரு பக்கமாக மென்று பழகிய நமக்கு இது முதலில் கைவராது.

பெரிய எதிரி கெட்டியான பண்டங்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குப் பெரிய எதிரி கடுகு. தாளித்த கடுகில் ஒன்று கீழ் செட்டுக்கு அடியில் போய்விட்டால் பந்தியின் நடுவில் எழுந்து ஓட வேண்டியதுதான். தக்காளி விதை, கத்தரி விதை, எள் எல்லாம் அதற்குத் தம்பிமார். கோவில்பட்டிக் கடலைமிட்டாயை நானே விட்டுவிட்டேன். ஆனால் என்னைப் பார்க்க வருகிறவர்கள் 'பல் இல்லாதவர், மெத்தென்று இருக்கட்டும்' என்று கருணையோடு திருநெல்வேலி அல்வா வாங்கி வருகிறார்கள். அல்வா மெத்தென்றுதான் இருக்கிறது, ஆனால் வாயைத் திறக்கும்போது பல்லையும் சேர்த்துக் கிளப்பிக்கொண்டு வருகிறது. முறுக்கை ரசத்தில் ஊறவைத்துச் சாப்பிட்டுவிடலாம். அல்வாவை என்ன செய்வது?

இரண்டு ஆபத்துகளைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேல் செட் அண்ணத்தை மூடிவிடுவதால் சூடு தெரிவதில்லை. கொதிக்கக் கொதிக்க வரும் காப்பி நேராகத் தொண்டையைத் தாக்கும்போதுதான் அது எவ்வளவு சூடு என்று தெரியும். உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் குடிக்கப் பழக வேண்டும். அதே காரணத்தால் மீன் முள்ளும் தெரியாது. பல் இருந்த காலத்தில் நாக்கும் அண்ணமும் சேர்ந்து முள்ளைப் பிரித்து வெளியே தள்ளின. இப்போது அண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மீன் இல்லாமல் சாப்பாடு இறங்காதவர்கள் நிறையப் பேர். முள்ளைத் தட்டிலேயே விரலால் தடவி எடுத்துவிட்டுப் பிசைந்து சாப்பிடுவதுதான் ஒரே வழி. பயந்துகொண்டு மீனையும் முட்டையையும் பருப்பையும் விட்டுவிட்டு மூன்று வேளையும் இட்லி, கஞ்சி, ரொட்டி என்று ஒதுங்கிவிடுகிறவர்களுக்குக் கைகால் தளர்ந்து சர்க்கரை ஏறுகிறது. பல் கட்டியதே சத்தாகச் சாப்பிடத்தானே?

அடுத்து நான் எழுதப் போவதை நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. பல் செட்டை இரவில் கழற்றிவிட வேண்டும். பகல் முழுக்க அழுந்திக் கிடந்த ஈறுக்குக் காற்றும் எச்சிலும் பட வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா கழற்றவே மாட்டார். காரணம் மருமகள். மாமியார் பொக்கை வாயோடு இருப்பதை மருமகள் பார்த்துவிடக் கூடாது. இரண்டு அறை வீட்டில் கூடத்தில் பேரப்பிள்ளைகளோடு படுக்கிறவர் பல்லைக் கழற்றி எந்தக் கிண்ணத்தில், யார் கண்ணில் படாமல் வைப்பார்? கணவர் உயிரோடு இருந்த காலத்திலும் விளக்கை அணைத்தபிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு படுத்ததாக என்னிடம் சொன்னார். சிரிப்பதற்கில்லை. வாய் ஒட்டிப்போன முகத்தை வீட்டார் முன் காட்டக் கூசுகிற ஒரு பெண்ணிடம் 'கழற்றிவிட்டுத் தூங்குங்கள்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் நடந்துவிடாது.

நான் அந்தச் சின்ன மருத்துவரிடம் அக்காவை அழைத்துப் போனேன். மேல் செட்டைக் கழற்றச் சொல்லிக் கண்ணாடியில் காட்டினார். செட் மூடியிருந்த அளவுக்குக் கோடு கிழித்த மாதிரி அண்ணம் சிவந்திருந்தது. அக்காவுக்கு வலியே இல்லை. அதுதான் இதில் மோசம். இரவும் பகலும் மூடியே கிடக்கும் ஈரமான இடத்தில் பூஞ்சைத் தொற்று வளர்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் சுலபமாக வரும். வாய் ஓரங்கள் வெடித்து ஆறாமல் இருப்பதும் சில சமயம் இதனால்தான். மருந்து கொடுத்தார். மருந்து வாய்க்கு மட்டும் போதாது, பல் செட்டையும் சுத்தம் செய்யாவிட்டால் பூஞ்சை அதிலிருந்து திரும்ப ஏறிக்கொள்ளும் என்றார். பிறகு மருமகளையும் உள்ளே கூப்பிட்டு அந்தச் சிவப்பைக் காட்டினார். அன்று மாலையே மருமகள் மூடி போட்ட ஒரு டப்பா வாங்கி வந்து குளியலறை அலமாரியில் வைத்தாள், யார் கண்ணிலும் படாத உயரத்தில். அந்தப் பெண்ணை நாம் எல்லோரும் தவறாக நினைத்திருந்தோமே என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். நான் ஒருபோதும் தவறாக நினைத்ததில்லை.

கழற்றிய செட்டைச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். காயவிட்டால் உருமாறும். கிருமி சாகட்டும் என்று கொதிநீரை ஊற்றினாலும் வளைந்துவிடும். பல்பொடி, சாம்பல், கரகரப்பான பற்பசை எதுவும் வேண்டாம். கீறல் விழுந்தால் அந்தக் கீறலில்தான் அழுக்கும் பூஞ்சையும் தங்கும். மென்மையான பிரஷ், சாதாரண சோப்பு போதும், தேய்த்தபின் நன்றாக அலசினால் சரி. கழுவும்போது கீழே தண்ணீர் நிறைந்த வாளியோ மடித்த துண்டோ இருக்கட்டும். சோப்புக் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் போன செட்டுகள் ஊரில் பல.

பேச்சைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. குரலால் பிழைத்தவள் நான். செட் போட்ட முதல் நாள் மகனிடம் தொலைபேசியில் பேசினேன், 'யார் பேசுகிறீர்கள்? போனை அம்மாவிடம் கொடுங்கள்' என்றான். நாக்கு நுனி பட வேண்டிய இடத்தில் பல்லின் பின்புறம் கொஞ்சம் தள்ளி இருந்தது, நாக்கு மடிந்து தொட வேண்டிய அண்ணத்தில் பிளாஸ்டிக் கனத்துக் கிடந்தது. தகரமும் சகரமும் காற்றாய்ப் போயின, ழகரம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. மருத்துவர் தினமும் உரக்கப் படிக்கச் சொன்னார். நான் உங்கள் தலையங்கத்தைத்தான் படித்தேன். உங்கள் வாக்கியங்கள் நீளமானவை. மூச்சுக்கும் பயிற்சி ஆயிற்று. அது சலித்தபோது பழைய டிரங்க் போர்டுக்குப் போனேன். கழுகுமலை, கயத்தாறு, விளாத்திகுளம், சாத்தான்குளம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், சங்கரன்கோவில் என்று நான் இணைப்புக் கொடுத்த ஊர்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். கழுகுமலை சரியாக வந்த அன்று மகனை நானே அழைத்து, பழைய வழக்கப்படி 'மூன்று நிமிடம் ஆகிவிட்டது, நீட்டிக்கலாமா?' என்று கேட்டேன். இப்போது அடையாளம் தெரிந்தது. பேசும்போது பல் கிடுகிடுவென்று மோதிச் சத்தம் போட்டால் அது பயிற்சிக் குறை அல்ல. பல்லின் உயரம் அதிகமாக வைக்கப்பட்டிருக்கலாம், மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

வாய் வறட்சி இருந்தாலும் செட் நிற்காது, உரசும். ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் ஒவ்வாமைக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் எச்சிலைக் குறைத்துவிடும். மாத்திரையை நிறுத்தாதீர்கள்; சீட்டைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள், அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டைக் கழற்றி வைத்தபிறகும் இரண்டு வாரத்துக்குள் ஆறாத புண்ணைச் 'செட் குத்திய புண்' என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். அதை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் நான் தெரிந்துகொண்டது, நாளிதழ் படிக்கவும் ஆட்டோவுக்குக் கொடுக்கவும் ஓய்வூதியம் இருந்ததால். முகாமில் நிற்பவர்களுக்கு இரண்டும் கிடையாது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு உதவிக் கருவிகள் தரும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தை மத்திய அரசு 2017 ஏப்ரலில் நெல்லூரில் தொடங்கியது. கைத்தடி, சக்கர நாற்காலி, காதுக் கருவி, மூக்குக் கண்ணாடி ஆகியவற்றோடு பல் செட்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கேரளத்தில் ஏழை முதியோருக்குப் பல் செட் கட்டித் தர 'மந்தஹாசம்' என்றே தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் 'தந்த பாக்யா' என்று ஒன்று. நல்லதுதான். ஆனால் கைத்தடியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம், பல்லைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

நம் மாநிலத்தில் இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். குத்தும் இடத்தைத் தேய்க்கச் சின்ன இயந்திரமும் கால் மணி நேரமும் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அப்படி மாத்திரை கொண்டு வரும் பெண் 'பல் செட் வைத்திருக்கிறீர்களா, போடுகிறீர்களா, எங்காவது குத்துகிறதா?' என்று மூன்று கேள்வி கேட்டு, குத்துகிறது என்று சொல்பவரின் பெயரை எழுதிக்கொண்டு போனால் போதும். பவுடர் டப்பாவிலும் அரிசிப் பானை மேலும் கிடக்கும் பற்கள் எத்தனை என்று சுகாதாரத் துறைக்குத் தெரிந்துவிடும். முகாம் நடத்தும் அன்பர்களும் ஒரு முறை கொடுக்கும் பல்லின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் அதே மருத்துவரை அதே ஊருக்கு அடுத்த வாரமும் அடுத்த மாதமும் அழைத்து வரலாம். பயனாளிகள் எண்ணிக்கை செய்தியில் சிறியதாகத் தெரியும். தெரிந்தால் என்ன?

மதினியை ஒருவழியாக அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த மருத்துவர் திட்டவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. வலது பக்க இடிப்பைத் தேய்த்துச் சரி செய்தார். கீழ் செட்டுக்குப் புதிதாக அளவெடுத்து ரீலைன் செய்ய வேண்டும் என்று சொல்லித் தேதி கொடுத்திருக்கிறார். மேல் செட்டை மட்டும் போட்டுக்கொண்டு மதினி இப்போது பருப்புச் சாதம் சாப்பிடுகிறார்கள். முகாம் நடத்துகிறவர்கள் பல்லைப் போட்டுக் கொடுக்கும் டப்பாவின் மூடியில் தங்கள் அமைப்பின் சின்னத்தைப் பெரிதாக அச்சிடுகிறார்கள். அதற்குக் கீழே, பக்கத்தில் எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்த அறை என்று தமிழில் ஒரு வரியும், யாராவது எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணும் சேர்த்து அச்சிட்டால் கூடுதல் செலவு எதுவும் ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர்,
பாளையங்கோட்டை.